மெத்தைக்காரரின் வண்டிக் கண்ணாடி

மெத்தைக்காரருக்குத் தன் சகலையைக் கண்டால் வயிறு எரியும். அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அந்தச் சகலை, ஃபிரிட்ஜ் மெக்கானிக். இவரைவிட எட்டு வயது இளையவன், போன வருஷம் புது பிக்கப் வாங்கிவிட்டான். பொத்தானை அமுக்கினால் அதன் பக்கக் கண்ணாடிகள் தாமாக மடங்கும், தாமாக விரியும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் அதை ஒருமுறை செய்து காட்டாமல் இறங்கமாட்டான் என்பது மெத்தைக்காரரின் எண்ணம். அவன் வண்டியை நிறுத்துகிறான், அவ்வளவுதான் என்பது அவர் மனைவியின் எண்ணம்.

மெத்தைக்காரரின் பிக்கப்புக்கு வயது இருபத்திரண்டு. இருபது வருஷமாக அதில்தான் வீடு வீடாக மெத்தை கொண்டுபோய்ப் போடுகிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். கட்டிலை அளப்பதும் உறை தைப்பதும் அவள் வேலை. இரண்டு கண்ணாடிகளும் ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். வேகம் எடுத்தால் பின்னால் வருவது லாரியா சைக்கிளா என்று தெரியாது. இடதுபுறக் கண்ணாடியைப் பழைய டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார்.

“சரி பண்ணுங்க”, “சரி பண்ணுங்க” என்று அவளும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ரிவர்ஸ் எடுக்கும்போது ரப்பர் அறுந்து கண்ணாடி உள்பக்கம் திரும்பிக்கொண்டது. வண்டி ஒரு வீட்டுக் கேட்டில் போய் இடித்தது. கம்பி குத்தி, புது மெத்தை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. மனைவி இறங்கிக் கிழிசலைக் கையால் அளந்து பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போய்த் திரும்பியபோது, சகலை அவர் வண்டியருகே குந்தியிருந்தான். ஓட்டுநர் கதவின் மூலையில் இருந்த முக்கோண மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த மூன்று நட்டுகளையும் முறுக்கிக்கொண்டிருந்தான். மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரித்தாள். தன்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்குச் சுருக்கென்றது.

“யாரைக் கேட்டு என் வண்டியில கை வச்சே?”

“அக்காதான் கூப்பிட்டாங்கண்ணே. இந்தப் பக்கம் நட்டு லூசு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஸ்பிரிங்கே போயிடுச்சு. கண்ணாடியையே மாத்தணும். வாங்கிட்டே வந்துட்டேன்.”

“அதை நான் மாத்திக்கிறேன். எனக்கும் கை இருக்கு.”

சகலை ஸ்பேனரை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.

பழைய கண்ணாடி சுலபமாகக் கழன்றது. புதியதைப் பொருத்தி முதல் நட்டை மாட்டும்போது அது விரலிலிருந்து நழுவியது. கதவுக்குள்ளே டிங், டிங், டங் என்று உருண்டு அடியில் போய் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதும் விழுந்தது.

“உள்ளே ஒரு துணியை அடைச்சுக்கிட்டா விழாதுண்ணே,” என்றான் சகலை மெதுவாக.

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீங்க கேப்பீங்களா?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சகலை நீளக் காந்தக் குச்சியோடு எழுந்து வந்தான். அவன் குச்சியை விட்டுத் துழாவ, மெத்தைக்காரர் வேறு வழியில்லாமல் டார்ச் பிடித்தார். இரண்டு நட்டுகளும் வெளியே வந்தன.

மூன்றாவது நட்டை முறுக்கும்போது, கதவைப் பார்த்தபடியே சகலை சொன்னான்: “உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும்ணே.”

“எதுக்கு? இந்தத் தகர டப்பாவைப் பார்த்தா?”

“நீங்களும் அக்காவும் பேசிக்கிட்டே போறதை ரோட்டுல அடிக்கடி பார்ப்பேன். என் வண்டியில என் வீட்டுக்காரி இதுவரைக்கும் ஒருநாள்கூட ஏறினதில்ல. கூப்பிட்டா வேலை இருக்குங்கறா. பக்கத்து சீட்டுல இன்னும் பிளாஸ்டிக் கவரைக்கூட பிரிக்கல.”

மெத்தைக்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். தன்னைப் பார்த்தும் ஒருவன் வயிறெரிகிறான்! அதுவும் இவன்! மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

‘உன் தங்கச்சியை ஒருநாள் அவன்கூட வண்டியில போகச் சொல்லு’ என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் முடித்துவிடுவாள். அது அவருக்குத் தெரியும். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. அவனிடம் இல்லாமல் தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அதையும் எடுத்துக் கொடுப்பதா? ஒரு வாரம் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

எட்டாம் நாள், ஒரு சிக்னலில் நிற்கும்போது சொல்லிவிட்டார்.

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். “இதையா இத்தனை நாளா மென்னுக்கிட்டிருந்தீங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கை புது வண்டியில் ஏறிப் போனாள். ஏசி குளிரில் கால் மரத்துப்போச்சு என்று அக்காவிடம் போனில் அரைமணி நேரம் குறைபட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் போனாள்.