மீட்டர் பார்க்க வந்தவரும் ஆறு இலைச் செடியும்

எழுபதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வருவார். காக்கிச் சட்டை, காதில் பென்சில். யாருடன் பேசினாலும் மீட்டரைப் பார்த்தேதான் பேசுவார்.

மீட்டருக்குக் கீழே ஊறுகாய் பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருந்தேன். தினமும் தண்ணீர் மாற்றுவேன், ஸ்கேலால் அளப்பேன். இரண்டு வருடமாக அதே ஆறு இலை.

"இது ஏங்க வளரவே மாட்டேங்குது?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க சார், அதான்" என்றார் மீட்டரிடம். "தண்ணியில சாவாம இருக்குமுங்க. வளரணும்னா மண்ணுல வுடணும். மண்ணுன்னா புழு பூச்சி இருக்கும். பயமா இருந்தா பாட்டில்லயே வச்சிக்கங்க. செத்துப்போவாது."

உள்ளே என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சேலத்தில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லி அந்தக் கடிதத்தை நான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

மறுநாள் செடியைத் தொட்டிக்கு மாற்றப் பார்த்தேன். பாட்டிலின் வடிவத்துக்கே சுருண்டிருந்த வேர் வெளியே வரவில்லை. பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தேன். பிறகு பீரோவையும் திறந்தேன்.

மகள் சேலத்துக்குப் போன மறுவருடம், செடி சுவரேறி மீட்டரையே மூடிவிட்டது. மீட்டர் பார்க்க வந்தவர் அன்றுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் சார், இப்படியா கேக்க ஆளில்லாம வளர வுடுவீங்க?"

கோபமா, நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கணக்கெடுத்து முடிக்கும்வரை இலைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.