இறால் கண்ணும் பாக்கியத்தின் எக்ஸ்ரேயும்

வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறவள் வேலை பார்க்கிறாள் என்று ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நிமிஷம் "சும்மாதானே இருக்கீங்க?" என்று ஒருத்தர் வந்து நிற்பார். உங்கள் வீட்டிலும் இதே கதைதான், தெரியும். பச்சைத் தேயிலை விலை விழுந்து எங்கள் நீலகிரிக் கட்டபெட்டுத் தோட்டம் கைவிட்ட பிறகுதான், கான்வென்ட்டில் ஸ்கேலடி வாங்கிப் படித்த ஆங்கிலம் எனக்குச் சோறு போட ஆரம்பித்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்று சிறுவர் அறிவியல் புத்தகங்கள் அனுப்பும். இங்கே சொல்வதெல்லாம் ஒரே புத்தகத்தால் வந்த வினை: விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி பற்றியது.

மீன் வண்டி

அந்தத் தொலைநோக்கியைச் சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்துச் செய்தார்களாம். அந்தக் கண்ணில் நுண்ணிய சதுரக் குழாய்கள் ஆயிரக்கணக்கில், உள்சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கத்து வெளிச்சமும் சுவரில் பட்டு உள்ளே ஓரிடத்தில் சேர்ந்துவிடும். மலையில் பிறந்த நான் சிங்கி இறாலை எங்கே கண்டேன்? சாதா இறாலுக்கும் அதே மாதிரிக் கண்தான் என்று புத்தகம் சொன்னதால், கூடலூர்ப் பக்கமிருந்து வரும் மீன் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு இறாலாகத் தூக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சதுரத்தைக் காணோம், மிளகு மாதிரி முழித்தது, அவ்வளவுதான். வண்டிக்கார மொய்தீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேச்சி, கண்ணைப் பாத்து மீன் வாங்குறவங்க உண்டு. இறாலுக்குக் கண் டெஸ்ட் பண்றது நீங்க மட்டும்தான்!"

தட்டைக் கல்

என் முதல் வாசகி பாக்கியம். சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொழிலாளர் லயத்தில் குடியிருப்பு, எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு. காலையில் தேத்தண்ணி குடிக்க வரும்போது எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். கொட்டாவி விட்டால் அந்தப் பத்தி குப்பைக்கு.

எக்ஸ்ரே நேராக வந்து மோதினால் கண்ணாடி அதை விழுங்கிவிடும். சுவரை உரசுகிற மாதிரி சாய்ந்து வந்தால்தான் எகிறும். இதை மூன்று விதமாக எழுதினேன். மூன்றுக்கும் கொட்டாவி. கடைசியில் அவளே உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள்: "அவலாஞ்சி டேம்ல தட்டக் கல்லச் சாச்சு விட்டா தத்தித் தத்திப் போகுமே, அதானக்கா? இத எழுதவா மூணு நாளு?"

உபதேசியார்

இந்தத் தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி விழுந்தால் நடுவில் புள்ளியும் நாலு பக்கம் கோடுமாகத் தெரியும். மாதா திருவிழா நோட்டீஸில் பிழை பார்க்கச் சொல்லி வந்த உபதேசியார் அந்தப் படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். குழாய் சதுரமாக இருப்பதால் வரும் உருவம் அது, அற்புதம் ஒன்றுமில்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். "காரணம் சதுரமாவே இருக்கட்டுங்க, விழுறது சிலுவைதானுங்களே!"

பத்து வீடு

வானத்தில் எங்கே, எப்போது, எது பளிச்சிட்டு அணையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அகலமாகப் பார்க்கிற கண் வேண்டும் என்கிற பக்கத்தை வாசித்தேன். பாக்கியம் கொட்டாவியும் விடவில்லை, கேட்கவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள்தான் இலை எடுப்போம் என்று ஃபேக்டரியில் அன்றுதான் சொல்லியிருந்தார்கள்; மற்ற நாள் பறிப்பும் இல்லை, கூலியும் இல்லை. "என்னடி, காது எங்கே?" என்றேன். "எங்க லயத்துல சனம் காலி பண்ணிப் போயி பத்து வீட்ல லைட்டு அணைஞ்சிருச்சுக்கா. கூப்பிடு தூரந்தான், வந்து பாத்தீங்களா?"

பழுப்புக் கவர்

அடுத்த வாரம் ஒரு பழுப்புக் கவரோடு வந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் அவள் தங்கை சொல்லி வேலை இருக்கிறது; இவளுக்கு முன்பு காசநோய் வந்திருந்ததால் நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தால்தான் சேர்ப்பார்களாம். மாதக்கணக்கில் எக்ஸ்ரே பற்றி எழுதுகிறவளுக்குப் படம் பார்க்கவும் தெரியும் என்று அவளாக முடிவு செய்துவிட்டாள். அது வேறு, இது வேறு என்று கத்தினேன். கவரை நீட்டியபடியே நின்றாள்.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்பு தெரிந்தது, வேறொன்றும் புரியவில்லை. ஆனால் கூடவே இருந்த ரிப்போர்ட் புரிந்தது. எல்.கே.ஜி. பிள்ளைக்கும் புரியும். நார்மல். அதைச் சொன்னால் அவள் போய்விடுவாள். "இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, வச்சுட்டுப் போ" என்றது என் வாய். பாக்கியம் என் முகத்தையே பார்த்தாள். "அவசரமில்லக்கா. நிதானமாப் பாருங்க."

மூன்றாம் நாள்

இரண்டு நாள் அந்தக் கவர் அகராதிக்கு அடியில் கிடந்தது. ஏதோ புள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொல்லாமல் மறைத்தால் என்ன? ஃபேக்டரி இலை எடுக்காத நாளில் அவளுக்குச் சோறு நானா போடப் போகிறேன்? எங்கள் தோட்டத்திலேயே பாதிக்குக் களை மண்டிக் கிடக்கிறது.

மூன்றாம் நாள் காலை டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்: "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. போய்த் தொலை." அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள். அடி மண்டி வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "தெரியுங்க்கா. படம் எடுத்தன்னிக்கே டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க சொல்ற வரைக்கும் மூட்டை கட்ட வேணாம்னு இருந்தேன்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் தாமதமாகக் கொடுத்தது அந்த ஒரு மொழிபெயர்ப்பைத்தான். மொத்தமே ஒரு சொல், அதுவும் மூலத்தை ஏற்கெனவே அறிந்தவளுக்கு.