அடுப்பு மூட்டாத வீடு

முந்திரி பூக்கும் மாசியில் தேனீக் கூட்டங்கள் பிரிந்து கிளம்பும். அவற்றைப் பிடித்துப் பெட்டியில் குடிவைப்பது என் பிழைப்பு.

போன வருஷம் ஒரு காலையில் செந்துறைப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தார். சமையலறையை ஒட்டிய முருங்கையில் கூட்டம் தொங்குகிறதாம். "நான் வர்ற வரைக்கும் பொகை மட்டும் போட்டுடாதீங்க, கெளம்பிப் போயிடும்" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வழியில் ஒரு முந்திரித் தோப்பில் இன்னொரு கூட்டம், கைக்கெட்டும் உயரத்தில். விடுவேனா? அதைப் பெட்டியில் ஏற்றி, வெளியே சுற்றிய ஈக்களும் உள்ளே அடங்கி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்லத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். சொன்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்ற பயம்.

நான் போனபோது கிளை வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து டீக்கடை பன்னைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"காலையிலேர்ந்து அடுப்பே பத்த வைக்கலங்க. அப்படியும் இப்பத்தான் எந்திரிச்சுப் போச்சு" என்றார் அந்தப் பெண். "உங்களத்தான் வீணா அலைய வச்சுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

வண்டியில் கட்டியிருந்த பெட்டிக்குள் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று நான் பலமாக இருமினேன்.