சிஞ்ஞோரா ரோசாவின் பசை பிடித்த பூட்டு

போன கிழமை ஒரு காலையில், பாற்சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றபோது லூச்சியா போன் எடுத்தாள். "தாசோ, அம்மா போயிட்டா" என்றாள். "அடுப்பை நிப்பாட்டவோ?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! ஆனால் அவளுடைய தாயை, என் முதலாளியம்மா சிஞ்ஞோரா ரோசாவை, அறிந்த உங்களுக்கு விளங்கும். பால் அடுப்பில் இருக்கும்போது அவவிடம் வேறு எதுவும் கதைக்க முடியாது.

இந்தப் பலெர்மோவில் ஞாயிறுகளில் சாந்தா ரொசாலியா கோவில் மலையேறி இறங்கி வரும் எங்கடை சனத்தில் அவவின் ஐஸ்கிறீம் வானை அறியாத ஆள் இல்லை. அவவின் மாமனார் காலத்து வான்கள் இரண்டு இருந்தன. இரண்டும் என்னைவிட வயதில் மூத்தவை. போர் முடிந்து இரண்டாம் வருடம் வன்னியிலிருந்து இத்தாலிக்கு வந்து சேர்ந்த என்னை ஓட்டுநராக வைத்துக்கொண்டா. முதல் நாள் மல்லிகைப்பூ ஐஸ்கிறீமை நீட்டினா. "கொண்டையிலை வைக்கிறதை வாயிலை வைக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டேன். "தின். தின்னாதவன் கதைக்கக் கூடாது" என்றா. அவவின் வாயில் அடிக்கடி வரும் சொல் அது.

அடுத்த கோடையில் மலையடிக்கு ஒருவன் வந்தான். நன்றாக அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு. எலுமிச்சை ஐஸ் ஒன்று வாங்கினான், ஒரு நக்குக்கூட நக்கவில்லை. வானின் முன்மூடியில் அதை வைத்துவிட்டு, "கிழட்டு வண்டி, கவனம்" என்று சொல்லிப் போனான். அது வெயிலில் உருகி லைட்டுக் கண்ணாடியில் வடிந்தது. அடுத்த ஞாயிறும் அதே ஆள், அதே எலுமிச்சை. சிஞ்ஞோரா துணியால் துடைத்தா. "ஆரவன்?" என்றேன். "தின்னத் தெரியாதவன்" என்றா.

மறுநாள் விடிய வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த கராஜைத் திறக்கப் போனேன். ஆமைப்பூட்டுக்குள் திறப்பு போகவில்லை. உள்ளே பசை கல்லாக இறுகியிருந்தது. பலெர்மோவில் அதற்கு என்ன அர்த்தமென்று இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும்: மாபியா கேட்ட கப்பத்தைக் கொடு, இல்லாவிட்டால் அடுத்தது நெருப்பு. எனக்குத் தெரியவில்லை. குறும்புப் பெடியளின் வேலை என்று நினைத்தேன்.

ஆனாலும் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்கள் விட்டுவந்த ஊரில் எதையும் முதலில் கண்டவனைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நாலு நாளில் என் பெர்மெஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும், அதற்கு அவவின் கையெழுத்து வேண்டும். இரும்பறுக்கும் வாளால் பூட்டை அறுத்தேன். அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டேன். பழையதைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, புதுத் திறப்பைக் குசினி ஆணியில் கொழுவினேன். ஒருவரும் காணவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கே சிஞ்ஞோரா, "சின்ன வானைப் பகேரியாவிலை என்ரை தம்பியின்ரை வளவிலை கொண்டுபோய் விடு, பெயின்ற் அடிக்கவேணும்" என்றா. விட்டேன். குவெஸ்தூராவுக்கு அவவே என்னோடு வந்து, வரிசையில் நின்று கையெழுத்தும் போட்டா.

அதற்கடுத்த கிழமை வேலைக்குப் போனபோது ஒழுங்கை முழுக்க ரயர் கருகின மணம். பெரிய வான் வெறும் எலும்பாக நின்றது. சிஞ்ஞோரா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தா, கையெல்லாம் கரி. நான் ஓவென்று அழுதேன். "பால் வந்திட்டுது. போய் அடுப்பை மூட்டு" என்றா.

பசையின் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஏழு வருடம் அந்த நெருப்பு என் நெஞ்சில் கிடந்தது. பூட்டை ஒளித்தது நான், எரியவிட்டது நான். எத்தனை தரம் சொல்ல வாய் எடுத்திருப்பேன்! "சிஞ்ஞோரா..." என்று தொடங்குவேன். "என்ன, சீனி முடிஞ்சுதோ?" என்பா. நானும் "ஓம்" என்றுவிடுவேன்.

அடக்கம் முடிந்த பின்னேரம் லூச்சியா ஒரு பிஸ்கற் ரின்னைத் தந்தாள். உள்ளே நான் எறிந்த பூட்டு. பசையோடு, நான் அறுத்த வெட்டோடு.

"அம்மா அண்டைக்கே குப்பையிலை எடுத்திட்டா" என்றாள். "ஒரு வானை ஒளிச்சா, மற்றதை எரியவிட்டா. இரண்டையும் ஒளிச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாங்கள்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ ஓடிப்போயிடுவாய் எண்டா. ஒரு நெருப்புக்குத் தப்பி வந்தவனுக்கு இன்னொண்டு வருகுதெண்டு சொல்லக் கூடாது எண்டா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏழு வருடம், மனுசி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு தேவாலயப் படியில் இருந்து அழுதேன்.

அந்தப் பூட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவவிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதோடு இதை முடித்திருப்பேன். ஆனால் நேற்று விடியக் கராஜுக்குப் போனேன். திறப்பு உள்ளே போகவில்லை.

இந்த முறை நான் வாளைத் தேடவில்லை. உடனே லூச்சியாவுக்குச் சொன்னேன். "இப்ப எதை எரியவிடுறது, தாசோ?" என்று கேட்டாள். மிச்சமிருப்பது ஒரேயொரு வான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவவை அறிந்தவர்களே, வாற ஞாயிறு மலையிறங்கி நேரே வானடிக்கு வாருங்கள். ஒருவரும் வீட்டில் நிற்கவேண்டாம். ஆளுக்கொரு எலுமிச்சை ஐஸ் வாங்குங்கள். அங்கேயே, வானைச் சுற்றி நின்று, எல்லாரும் காணத் தின்னுங்கள்.