நான்காவது கோரிக்கை

எங்கள் கடற்கரையில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டியிருந்தாலும் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்கள். மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதுதான் நான் செய்த ஒரே குற்றம். முதியோர் பென்ஷன் நின்றுபோனாலும் நான்தான், கடலரிப்புக்குச் சுவர் கேட்டு ஆட்சியருக்கு எழுதவும் நான்தான். வெளிநாட்டுப் படை நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனாலும் நான்தான்.

அந்தக் கடைசி வகை மனுவுக்கென்றே ஒரு வாசகம் உண்டு. ‘காற்றாலும் நீரோட்டத்தாலும் திசை தவறி எல்லை தாண்டிவிட்டனர்’ என்று எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கரை கண்ணில் படாத இடத்தில், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இவர்கள். இவர்களுக்கா திசை தவறும்? சூரை மீன் கூட்டம் போன வழியில் போயிருப்பார்கள். எல்லைக்கோடு மீனுக்குத் தெரியாது. இவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார்கள். அதற்காக என் ஊர்க்காரர்களை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் தம்பி போன படகும் அப்படித்தான் மாட்டியது. கொச்சியிலிருந்து புறப்பட்ட ஆழ்கடல் படகு அது, பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு ஒன்றின் படை துரத்தியது. வழக்கு இன்னும் முடியாததால் நாட்டின் பெயரையும் படையின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. துரத்தி வந்தவர்கள் சுட்டார்கள். என் அடுத்த வீட்டுக்காரன் படகிலேயே செத்துப்போனான். மற்றப் பதினொரு பேரையும் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து இறந்தவன் சவப்பெட்டியில் வந்து சேர்ந்தான். அவன் மனைவி, சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்கிறவள், பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லையே என்று அழுதாள். அடக்கம் முடிந்த மறுவாரமே திரும்பவும் கூடையைத் தூக்கினாள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், வேறு வழி கிடையாது.

அந்த நாட்களில் டிவியைப் போட்டால் ஒரே விவாதம். அந்தப் படையைச் சில நாடுகள் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தன. ஓர் அரசாங்கத்தின் ராணுவத்தை இன்னோர் அரசாங்கம் அப்படிச் சொல்லலாமா என்று கோட்டு போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரே பக்கம்தான். ஊர்க் கமிட்டி கூடி மத்திய அரசுக்கு மனு கொடுக்க முடிவு செய்தது. பதினொரு பேரை மீட்க வேண்டும். படகைத் திருப்பித் தர வேண்டும். இறந்தவன் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும். நான்காவதாக, அந்தப் படையை நம் அரசும் பயங்கரவாதப் படை என்று அறிவிக்க வேண்டும்.

முதல் மூன்றையும் கடமைக்கு எழுதினேன். நான்காவதை ரசித்து எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, உறைக்கிற சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன். என் தம்பியை அடைத்து வைத்திருக்கிறவர்களைத் திட்ட எனக்கு அந்த ஒரு பத்திதான் கிடைத்தது.

மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், தம்பியிடமிருந்து போன் வந்தது. நம் தூதரகம் சொல்லி வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பேச விடுவார்கள்.

“அக்கா, அம்மெட்ட வெப்ராளப்பட்டு அழாண்டாம்னு சொல்லு. திங்கக்கிழமை நம்ம தூதரக ஆபீசர் வாராரு. இந்தப் படைக்க பெரிய ஆபீசர்கூட இருந்து பேசப் போறாராம். அந்த ஆளு ஒரு கையெழுத்துப் போட்டா எங்கள விட்ருவாவளாம்” என்றான்.

“உன்ன அடிச்சாவளா?”

“ஆதியில அடிச்சாவ. இப்பம் இல்ல.” அதற்குள் லைன் போய்விட்டது.

போனை வைத்துவிட்டு மனுவை எடுத்து நான்காவது பத்தியை மறுபடி படித்தேன். அந்தப் படையைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதன் பெரிய ஆபீசருக்கு எதிரே நம் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார முடியுமா? கையெழுத்தை யார் வாங்குவது? எங்கள் ஊர் மனுவைக் கண்டு டெல்லி நடுங்கிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், அது அந்தக் கரைக்கும் போய்ச் சேரும். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவன் அதைப் பார்ப்பான்.

அப்படியானால் அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் என் கை நின்றது. என் தம்பி உயிரோடு இருக்கிறான், அடுத்த வீட்டுக்காரியின் புருஷன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். என் ஆள் திரும்பி வருவதற்காக உன் ஆளைக் கொன்றவர்களைக் கொஞ்சம் மெதுவாகத் திட்டு என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அடுத்த வீடுதான், பத்தடி தூரம்கூட இல்லை. நான் போகவில்லை.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். கமிட்டித் தலைவர் என்னிடம் மைக்கைத் தந்தார். முதல் மூன்று கோரிக்கைகளையும் தமிழில் வாசித்துச் சொன்னேன். நான்காவதை வாசித்ததும் கைதட்டல் எழும்பியது. தம்பி போன் செய்ததைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

பின்னாலிருந்து இறந்தவனின் மனைவி எழுந்து நின்றாள். “நாலாவது எனக்கு வேண்டாம்” என்றாள்.

தலைவர் திகைத்துப்போனார். “மக்கா, உனக்கு வேண்டித்தான எழுதிச்சு? ஒனக்க மாப்பிள்ளைய கொன்னவன சும்மா விடச் சொல்லுகியா?”

“சும்மா விடச் சொன்னனா? சுட்டவன் ஒருத்தன். சுடச் சொன்னவன் ஒருத்தன். எனக்கு அவனுவ பேரு வேணும், கோர்ட்டுல நிக்கணும். நீங்க படை முழுக்கன்னு சொன்னியன்னா அந்த ரெண்டு பேரும் கூட்டத்துக்குள்ள போய் ஒளிஞ்சுகிடுவானுவ. யாரும் யாரையும் தேடாண்டாம்.”

யாரோ ஓர் ஆண்குரல், இதெல்லாம் பெரிய விஷயம், பெண்களுக்குப் புரியாது என்று முணுமுணுத்தது. அவள் விடவில்லை. தலைவரைப் பார்த்தே பேசினாள்.

“எனக்க சித்தப்பா வேற யாருக்கோ உள்ள படகு எஞ்சினைக் களவாண்டாருன்னு எங்க மூணு வீட்டையும் ஊர்விலக்கு வச்சிய. இதே மைக்குல நீங்கதான் விளிச்சுச் சொன்னிய. கடையில சாமான் தரல்ல. எங்கம்மைக்க கையில இருந்து ஒருத்தரும் மீன் வாங்கல்ல. நான் அப்பம் பத்தாங் கிளாஸ், என்கூட ஒரு பிள்ளையும் பேசல்ல. எட்டு மாசம். களவாண்ட சித்தப்பா கொச்சியில சுகமா இருந்தாரு. அவர ஒருத்தரும் போய்ப் பிடிக்கல்ல. எங்கள விலக்குனதோட ஊருக்கு வேல தீந்துபோச்சு.”

அந்த எட்டு மாதமும் எனக்கு நினைவிருக்கிறது. நானும் அந்த வீட்டுக்குப் போகவில்லை, போனால் எங்கள் வீட்டையும் விலக்கியிருப்பார்கள். ஊர் சொன்னால் சொன்னதுதான் என்பது எங்களுக்குப் பெருமையாக இருந்த காலம் அது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது தப்புதான்” என்றார். மைக் இல்லாமல்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. கமிட்டித் தலைவர் ஒருவர் ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லி எங்கள் கடற்கரையில் நான் கேட்டதில்லை.

அதன்பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. தம்பியின் போனைப் பற்றிச் சொன்னேன், முந்தின நாளே தெரிந்தும் மறைத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே அக்கா” என்றாள். அவ்வளவுதான், வேறு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நான்காவது கோரிக்கையை அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். சுட்டவர் யார், உத்தரவிட்டவர் யார் என்பதை அந்த நாடு தெரிவிக்க வேண்டும். இருவர்மீதும் வழக்கு நடக்க வேண்டும். அந்த வழக்கில் இறந்தவரின் மனைவியின் சொல்லும் கேட்கப்பட வேண்டும். அகராதி தேவைப்படவில்லை. இத்தனை வருடங்களில் நான் எழுதிய மனுக்களிலேயே நெஞ்சை நிமிர்த்திக் கொடுத்தது இதைத்தான். டிவியில் கோட்டு போட்டவர்கள் மாதக்கணக்கில் கத்தியும் எட்டாத இடத்தை, மீன் கூடை தூக்குகிற ஒருத்தி ஐந்து நிமிடத்தில் எட்டிவிட்டாள். அவள் எங்கள் ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்ள எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

பயங்கரவாதப் படை என்ற சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பொருந்துகிற படைகள் உலகத்தில் இருக்கலாம். ஆனால் அது கதவைச் சாத்துகிற சொல். சாத்துவதற்கு முன்னால் உள்ளே நம் ஆட்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும். சாத்திய பிறகு குற்றவாளியை யார் தேடப்போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை கையெழுத்து ஆகவில்லை. இரண்டு மாதமும் மூன்று சந்திப்பும் ஆயிற்று. கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு வேன் கோயில் முன்னால் வந்து நின்றது. ஊரே அழுதது. என் தம்பி பாதியாக மெலிந்திருந்தான். அம்மா அவனைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தாள், மீன்குழம்பு ஆறுகிறது என்றாள். அவன் நகரவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து எதிரே போய் நின்றான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சுட்டவனுக்க முகம் ஓர்மையிருக்கா?”

“இருக்கு, மறக்கல்ல” என்றான் தம்பி. “அக்கா, பேப்பர் எடு. இத எழுதிட்டுத்தான் வீட்டுக்கு.”

மற்றப் பத்து பேரும் அவனைப் பார்த்து அங்கேயே முற்றத்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரிகள் பக்கத்தில் நின்றார்கள், ஒருத்தியும் புருஷனை எழும்பச் சொல்லவில்லை. தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“தோக்கு பிடிச்ச பயலுக்கு இருபது வயசு இருக்கும். சுட்ட பொறவு அப்படியே கீழ உக்காந்துட்டான். பின்னால நின்ன நரச்ச தாடிக்காரன்தான் ரெண்டு தடவ சத்தம் போட்டுச் சுடச் சொன்னான். பய முதல்ல சுடல்ல. ரெண்டாவது சத்தத்துக்குத்தான் சுட்டான்.”

எனக்குப் பேனா ஓடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைக் காட்டினாள்.

“எழுதுங்க அக்கா. அந்தப் பய முதல்ல சுடல்லங்கதையும் எழுதுங்க. ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதுங்க.”

தனித்தனியாக எழுதினேன்.