கோட்டையில் நான் காப்பாற்றிய கைப்பை

தென்காசியில் கடை வைத்திருப்பவனுக்கு ஆர்மீனியாவில் என்ன வேலை என்பதை என் மைத்துனனிடம்தான் கேட்க வேண்டும். அவன் துபாயில் இருக்கிறான். போன மே மாதம் என்னையும் என் மனைவியையும் அங்கே வரவழைத்தான். நாலு நாள் லீவு கிடைத்ததும், "வாங்க அத்தான், குளுகுளுன்னு ஒரு ஊருக்குப் போவோம்" என்றான்.

"அதுக்கு நம்ம குத்தாலம் போதாதாலே?" என்றேன். டிக்கெட் போட்டபிறகு என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் ஒரு வழிகாட்டிப் பெண் எங்களை வேனில் ஒரு மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போனாள். எங்களோடு துபாயிலிருந்தே வந்திருந்த ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பமும் இருந்தது. இரண்டு ஆழமான பள்ளங்களுக்கு நடுவே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த முனையில் கருங்கல் கோட்டை. பாதிக் கோபுரம் நின்றது. மீதி எங்கள் காலடியில் உருண்டு கிடந்தது. கீழே ஒரு சின்ன தேவாலயம் மட்டும், இந்தச் சண்டையெல்லாம் எனக்கு எதற்கு என்பதுபோல் முழுசாக நின்றது. பள்ளத்தின் அடியில் ஆறு இரைந்தது. பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும்தான்.

எனக்கு எந்த இடத்திலும் கால் தரிக்காது. கல்யாண மண்டபத்தில்கூட வாசலை ஒட்டிய நாற்காலிதான். அங்கே காம்பவுண்டும் இல்லை, கம்பியும் இல்லை. வேனுக்குப் போகிற பாதை எது என்று நாலு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"இப்பத்தான வந்தோம். வேன் எங்கயும் போயிராது" என்றாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி. சரளைச் சரிவில் ஏற என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய கைப்பை என் வலது தோளில். இடிந்த மதில்வரை ஏறிவிட்டோம். தூரத்து மலையில் மே மாதத்திலும் திட்டுத்திட்டாகப் பனி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது விசில் சத்தம்.

அருவிக்கரையில் வளர்ந்தவனுக்கு விசில் என்றால் ஒரே அர்த்தம்தான். காவலர் ஊதினால் மேலே காட்டில் மழை, தண்ணீர் கலங்கி வருகிறது. காரணம் கேட்கக் கூடாது. தலையில் எண்ணெய் வழிய வழிய ஓட வேண்டும். சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகிய கால். அது என்னைக் கேட்கவில்லை.

"தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டே வேன்வரை ஓடினேன். நான் ஓடுவதைப் பார்த்து பிலிப்பைன்ஸ் குடும்பமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் முகம் போதுமானதாக இருந்திருக்கிறது.

வேனுக்குப் பக்கத்தில் மைத்துனன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "எதுக்கு அத்தான் ஓடுதீங்க? அந்தப் பொண்ணு, நேரமாச்சு வாங்கன்னு விசில் அடிக்கா."

மலை முனையில் இருக்கிற கோட்டைக்கு வெள்ளம் வர வேண்டுமானால், ஆறு ஏணி வைத்து ஏறித்தான் வர வேண்டும். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்காள எங்க?" என்றான்.

தோளைப் பார்த்தேன். கைப்பை பத்திரமாக இருந்தது.

மேலே ஓடினேன். அவள் சரிவில் உட்கார்ந்து, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். கையை நீட்டினேன். பிடிக்கவில்லை.

"ஓடுனத ஒண்ணும் சொல்லல. என் கைய உதறிட்டு ஓடுனீங்க பாருங்க."

அதன்பிறகு அவள் என் கையைப் பிடிக்கவேயில்லை. விமானப் படியில் கம்பி, வீட்டுப் படியில் சுவர், கோயிலில் தூண். நான் இந்தக் கதையை ஊரெல்லாம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஜூலையில் சாரல் பிடித்ததும் குத்தாலம் பேரருவிக்குப் போனோம். அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். கைப்பை என் துணிகளோடு ஒரு பாறைமேல். எண்ணெய் போகத் தலையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விசில். எல்லோரும் வெளியே ஓடினார்கள். நானும் ஓடினேன், என்னால் வேறென்ன முடியும்? ஆனால் கால் ஆண்கள் வழியில் போகவில்லை.

"யோவ் அண்ணாச்சி, அது லேடீஸ் பக்கம். துண்டக் கட்டிக்கிட்டு எங்கன போறீரு?" காவலர் இப்போது எனக்காகத் தனியாக விசில் ஊதினார்.

"என் வீட்டுக்காரி உள்ள இருக்கா சார். முட்டுவலி."

பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டி ஓடினார்கள். கடைசியில் அவள் வந்தாள், சொட்டச் சொட்ட, கம்பியைப் பிடித்தபடி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பைய எங்க?"

அப்போதுதான் நினைவு வந்தது. "பாறையிலயே விட்டுட்டேன்."

"வீட்டுச் சாவி அதுலதான இருக்கு?"

"ஆமா."

அவள் கம்பியை விட்டுவிட்டு என் தோளில் கையை வைத்துப் படி இறங்கினாள். என் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தோள்வழியாக அது அவளுக்குத் தெரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை.