சகலைக்கு எதிராக ஒரு நிமிடம்

மும்பையே மூழ்கிய அந்தப் பெருமழை நினைவிருக்கிறதா? லோனாவ்ளாவுக்கு அப்பால் ரயில் போகாமல், புனே பக்கத்து எங்கள் தேஹு ரோடு ஸ்டேஷனில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். அந்த மழை ஓய்ந்து, தீபாவளியும் போன பிறகு ஒரு காலையில், ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறும்போது என் கீழ்த்தாடை வலித்தது. நின்றால் வலி போனது. ஏறினால் வந்தது.

பல்வலி என்று நினைத்தேன். பல் டாக்டரும் சொத்தையாக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி பல்லோடு போகவில்லை. படி ஏறும்போது மட்டும் வருகிற தாடைவலி இதயத்தின் வலியாகவும் இருக்கலாம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ராணுவ டிப்போவில் பெட்டி தூக்கியே ரிட்டையர் ஆனவன். சொல்லச் சொல்ல என் மனைவி சரோஜா எழுதுகிறாள்.

தை மாதம் வியர்த்துக் கொட்டி விழுந்தேன். சிஞ்ச்வட் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த ரத்தக்குழாயை உள்ளேயிருந்து விரிப்பது) செய்து, ஸ்டென்ட் (குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் சிறு வலை) வைத்தார்கள். பிழைத்தேன். அது பெரிய கதையில்லை.

கதை என் சகலை தேவராஜ். சரோஜாவின் அக்கா கணவர். அதே டிப்போவில் கிளார்க்காக இருந்தவர், எங்கள் முருகன் கோயில் கமிட்டித் தலைவர். பங்குனி உத்திரப் பல்லக்கில் முன்தண்டின் வலது பக்கம் என் இடம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அது என் தோள்தான், காய்த்துப்போயிருக்கிறது. எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்று குரல் கொடுப்பதும் அந்த இடத்து ஆள்தான்.

அந்தப் பங்குனியில் நான் தூக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். சும்மா கும்பிடத்தான் போனேன். சகலை எல்லார் முன்னாலும் சொன்னார்:

"சகலைக்கு ஸ்பிரிங் வச்சிருக்காங்கப்பா. நடுரோட்டுல விழுந்துட்டா, சாமிய எறக்கறதா, இவர ஏத்தறதா?"

எல்லாரும் சிரித்தார்கள். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என் இடத்தில் சகலையே தோள் கொடுத்தார். அடுத்த பங்குனிக்குள் இந்த மனுஷனைப் பழிவாங்குவது என்று அந்த நாற்காலியில்தான் முடிவு செய்தேன்.

"எங்க மாமாவப் பத்தி இப்படியா எழுதுவாங்க?" என்கிறாள் சரோஜா.

"நடந்ததுதான? எழுதுடி."

இதய டாக்டரிடம், மறுபடி பல்லக்கு தூக்க முடியுமா என்று கேட்டேன். மராட்டிக்காரர், பல்லக்கை அவர்கள் பாஷையில் பால்கி என்றதும் புரிந்துகொண்டார். டி.எம்.டி (நகரும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) செய்தார். சில மாதம் நடக்கச் சொன்னார். அதன்பிறகுதான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ஜிம்முக்கு அனுப்பினார்.

அங்கே வைஷாலி என்ற பெண் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நகராத சைக்கிளில் ஏற்றினாள். ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக. மறுபடி ஒரு நிமிடம். சில சுற்றுகளில் முடிந்துவிடும். டீக்கடையில் நான் உட்காருகிற நேரம்கூட ஆகாது. பல்லக்கும் அப்படித்தான். முழு பாரத்தோடு கொஞ்ச தூரம், பிறகு தாங்குகட்டையில் நிறுத்தி மூச்சு வாங்கல், மறுபடி தோள்.

ஒருநாள் வைஷாலி ஹிந்தியில் கேட்டாள்: "அண்ணா, யாரை இப்படி மிதிக்கிறீங்க?"

"என் சகலையை."

"அவர் போட்டோவக் கொண்டாங்க. ஹேண்டில்ல ஒட்டிடலாம்."

மழைக்காலம் முடியும்போது மேம்பாலத்தை நிற்காமல் ஏறினேன். இரவில் தூக்கம் வந்தது. சோதனை செய்யாமல், யாரும் பார்த்துக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தவில்லை.

மறுபங்குனிக்கு முன் டாக்டர் மறுபடி சோதித்தார். "கொஞ்சம் கொஞ்ச தூரம் தூக்கலாம். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் இறக்கிவிடுங்கள்" என்றார்.

கோயிலில் சகலை என் இடத்தில் நின்றார். "வாங்க சகல, நாற்காலி ரெடி."

"நீங்களே வச்சுக்குங்க. இது என் இடம். தள்ளுங்க."

ஊர் பார்க்கிறதே என்று, விட்டுப் போக முடியாமல் முன்தண்டின் இடது பக்கம் நகர்ந்தார். தூக்கினோம். ஊர்வலப் பாதையில் வரும் பாலத்து மேட்டில் ஏறும்போது நான் அரோகரா என்று முழுக்குரலில் சொன்னேன். மூச்சு என் வசம் இருந்தது. சகலையின் அரோகராவில் முதலில் கடைசி எழுத்து காணாமல் போனது. அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது. நான் குரல் கொடுக்கவில்லை.

"சகல... போதும்."

"கேக்கல."

"போதும் சகல!"

ஒரு வருடம் காத்திருந்த வார்த்தை. தாங்குகட்டை கொடுக்கச் சொன்னேன். சாம்பல் முகத்தோடு உட்கார்ந்தவருக்கு யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஆனால் அந்த முகத்தை ஏற்கெனவே என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு போய் என் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். அவருக்கும் அடைப்பு இருந்தது. மாத்திரையில் அடங்கும் அளவுதான். இப்போது ஜிம்மில் அவர் எனக்குப் பக்கத்து சைக்கிள்.

"என்னக் கொல்லத்தான கூட்டிட்டு வந்தீங்க?" என்பார், வியர்வை சொட்டச் சொட்ட.

"நீங்க போய்ட்டா நான் யார ஜெயிக்கிறது? மிதிங்க."

முன்பெல்லாம் நெஞ்சு படபடத்தால் முடிந்தது என்று பயப்படுவேன். இப்போது நானே அதைப் படபடக்க வைக்கிறேன், நானே அடங்க வைக்கிறேன். டிப்போவில் வருடங்கள் போனதே தெரியவில்லை. இன்றைக்கு ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று என் தொடைக்குத் தெரியும். அதன் கடைசி பாகம் ஒரு மேடு மாதிரி எழும்பி நிற்கும்.

நோய் வந்தது என்று நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லி, இதை அவரிடம் சொல்லுங்கள். அவர் உங்களுக்கு ஆகாதவர் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.